முறுக்கி ஏற்றிய உயரம்

அமெரிக்க மேற்கு மாநிலங்களில் பிக்கப் வண்டி வைத்திருப்போர் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. பின்புறம் தூக்கியும் முன்புறம் தாழ்ந்தும் வண்டி நிற்கிறதாம். பின்தட்டில் பாரம் ஏறியதும் மட்டமாகட்டும் என்றுதான் தயாரித்தவர்கள் அப்படி அமைத்தார்கள். காலித் தட்டோடு அலுவலகம் போய்வருபவருக்கு அது விளங்குவதில்லை. சரிவு கண்ணை உறுத்துகிறது.

கொலராடோவில் கணவனும் மனைவியுமாக நாங்கள் வாங்கிய பழைய வண்டி, 2004-ஆம் ஆண்டுச் சில்வராடோ 2500எச்டி. முந்தைய உரிமையாளர் அந்த உறுத்தலைத் தீர்த்துவிட்டே விற்றிருந்தார். பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் சான் ஹுவான் மலைகளின் மண்சாலையில் ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்கம் 'டக்' என்று இடித்தது. மேட்டில் ஏறுகையில் அல்ல, பள்ளத்தில் சக்கரம் இறங்குகையில். எங்களை யோசிக்க வைத்தது இந்த வேறுபாடுதான்.

1988 முதல் செவர்லேயின் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்களில் முன்சக்கரங்களைத் தாங்குவது சுருள்வில் அன்று, டார்ஷன் பார் என்னும் நீண்ட எஃகுக் கம்பி. (1500 வகை 2007 மாதிரியில் சுருள்வில்லுக்கு மாறிற்று.) கம்பியின் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையிலும், மறுமுனை வண்டிச் சட்டத்தில் 'கீ' எனப்படும் துண்டிலும் பொருந்தியிருக்கும். சக்கரம் மேலெழுந்தால் கம்பி முறுக்கிக்கொள்ளும். கீயை அழுத்தும் போல்ட்டைச் சில சுற்றுத் திருகினால் வண்டியின் மூக்கு நிமிரும். காசு செலவில்லை. கவர்ச்சியும் அதில்தான்.

திருகினால் கம்பி இறுகிவிடுகிறது, அதனால்தான் வண்டி முரட்டுத்தனமாக ஓடுகிறது என்பார்கள். அது சரியன்று. கம்பியின் விறைப்பு அதன் தடிமன், நீளம், எஃகு ஆகியவற்றைப் பொறுத்தது, திருகலால் மாறாது. சக்கரத்தின் மொத்த அசைவும் மாறாது. மேலே ஓரங்குலம் பெற்றால், சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தில் ஓரங்குலம் குறைகிறது. பள்ளம் வரும்போது இறங்க இடமின்றிக் கை தன் எல்லையில் போய் முட்டுகிறது. நாங்கள் கேட்டது அந்த ஓசையையே. கோணம் மாற்றிய கீகள் என்று தனியாக விற்கிறார்கள்; அவையும் செய்வது இதே வேலைதான்.

ஓசையோடு நின்றிருந்தால் பொறுத்திருப்போம். இயந்திரத்தின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு செங்குத்தாகச் சாய்ந்ததில் சி.வி. ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெல்லாம் தெறித்திருந்தது. ஒரு பக்கம் பாதாளமாக இருக்கும் அந்தச் சாலைகளில் அது உடைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எங்களில் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சக்கரக் கோணங்களும் தவறிப்போய், டயர்கள் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தன. இரவில் கூடாரச் சாமான்கள் ஏற்றியபோது பின்புறம் அமிழ்ந்தது. முகப்பு விளக்குகள் எதிரே வருபவர் கண்ணில் பாய்ந்தன. பலர் விளக்கைச் சிமிட்டி எங்களை ஏசிச் சென்றார்கள்.

உண்மையாக உயர்த்த வேண்டுமானால், முன் டிஃபரென்ஷியலையும் கைகளின் பிணைப்புகளையும் சேர்த்தே கீழிறக்கித் தரும் உபகரணங்கள் இருக்கின்றன. விலையைக் கேட்டு மௌனமானோம்.

தயாரிப்பாளரின் அளவுக்கே இறக்கிவிட முடிவாயிற்று. முறுக்கிய கம்பியில் தேங்கியிருக்கும் விசை ஆளை அடித்துவிடக் கூடியது. அதைத் தளர்த்தத் தனிக் கருவியும் வேண்டும். ஆகவே மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் இடப்பக்கம் ஆறு சுற்று அவிழ்த்தார், வலப்பக்கம் எட்டு. வண்டி இதுவரை ஒருபுறம் சாய்ந்தே நின்றிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் அளந்து, அலைன்மெண்ட் செய்து, புதிய உறையும் டயர்களும் போட்டோம். இப்போது முன்புறம் குனிந்தே நிற்கிறது.