வள்ளத்தின் மூக்கில் ஒரு காமிரா

கொல்லத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அஷ்டமுடிக் காயலில் மோட்டார்ப் படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முந்திரிப் பருப்பு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் காரில் போனால் மன்றோ துருத்து வரும். கல்லடை ஆறு காயலில் வந்து கலக்கும் இடத்தில், ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலிலேயே உண்டான சிறு தீவுகளின் கூட்டம் அது. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ரெஸிடெண்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோ துரையின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. துரை போய் இருநூறு வருஷமாகியும் பெயர் போகவில்லை.

அங்கே மோட்டார்ப் படகுக்கு வேலையில்லை. தென்னந் தோப்புகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போகும் வாய்க்கால்கள் அவ்வளவு குறுகல். மெலிந்து நீண்ட வள்ளம் ஒன்றில் நாலைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்துகொள்ள வேண்டும். வள்ளக்காரர் நீண்ட மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார். சத்தமே கிடையாது. கழி தண்ணீரிலிருந்து எழும்பும்போது சொட்டும் ஓசை, எங்கோ ஒரு மீன்கொத்தி, யாரோ ஒருவர் வீட்டில் தேங்காய் துருவும் சத்தம், அவ்வளவுதான். விடியற்காலையில் புறப்பட்டு இரண்டு மூன்று மணி நேரம் இப்படிப் போகலாம்.

நடுநடுவே சின்னஞ்சிறு பாலங்கள் வரும். சில பாலங்கள் எவ்வளவு தாழ்வு தெரியுமா? தலையைக் குனிந்தால் போதாது. முதுகையும் மடித்து முழங்காலில் முகம் புதைய வேண்டும். நமஸ்காரம் செய்யாமல் உள்ளே விடமாட்டேன் என்கிற கோயில் வாசல் மாதிரி!

இப்படிப்பட்ட இடத்தில் எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: போட்டோ எடுக்க வேண்டும். அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது. முன்னால் இருப்பவர் பின்னால் திரும்புகிறார். பின்னால் இருப்பவர் எல்லாரும் படத்தில் விழ வேண்டுமென்று எழுந்து நிற்கிறார். நடுவில் இருக்கும் குழந்தை செல்போனை நீட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது. வள்ளம் என்பது தராசு. ஒருவர் எழுந்தால் எல்லாரும் ஆடுவார்கள். செல்போன் தண்ணீரில் விழுவது இருக்கட்டும். அதைப் பிடிக்கப் பாய்கிறவர் விழுவதுதான் ஆபத்து.

இன்னொரு கஷ்டமும் உண்டு. உங்கள் வீட்டுப் படங்களை எடுத்துப் பாருங்கள். முந்தைய தலைமுறை ஆல்பங்களில் காமிரா வைத்திருந்த அப்பாவோ மாமாவோ இருக்கமாட்டார். இன்றைக்குச் செல்போன் அம்மாவின் கையில் இருக்கிறது. ஆகவே பிறந்தநாள், கொலு, பிரயாணம் எதிலும் அம்மாவைக் காணோம்! எங்களோடு மன்றோ துருத்துக்கு வந்த பெரியம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. மூன்று பெண்களை வளர்த்து ஆளாக்கியவர். அந்தப் பெண்களோடு அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் படம் ஒன்றுகூட அவர்கள் வீட்டில் இல்லை. கல்யாணங்களில் விறைப்பாக நிற்கும் படங்கள்தான் இருக்கின்றன.

இந்த இரண்டு கஷ்டங்களுக்கும் ஒரே மருந்தாகத்தான், கையில் பிடிக்காமல் வள்ளத்திலேயே பொருத்திவிடக்கூடிய சின்னக் காமிராவைச் சொல்கிறேன். 'ஆக்‌ஷன் காமிரா' என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். குளியல் சோப்புக் கட்டியைவிடச் சிறியது. நூற்றைம்பது கிராம் சுமாருக்கு இருக்கும். இதைப் பிரபலமாக்கியவர் நிக் உட்மன் என்ற அமெரிக்க வாலிபர். கடல் அலைமேல் பலகையில் சறுக்கி விளையாடுகிறவர். விளையாடும்போதே படம் எடுக்க வேண்டுமென்று, காமிராவை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளப் பட்டை செய்யத் தொடங்கினார். சிப்பியும் மணியும் கோத்த இடுப்புப் பட்டைகளை விற்றுச் சேர்த்த பணம் ஒரு பகுதி முதல். அம்மாவின் தையல் மெஷின் உபகரணம்! 2004-ல் வெளிவந்த அவருடைய முதல் 'கோப்ரோ' காமிராவில் பிலிம் சுருள்தான் இருந்தது. இன்று அந்த வகையில் டிஜேஐ, இன்ஸ்டா360 என்று போட்டிக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

எதை வாங்குவது என்று கேட்கிறீர்களா? கம்பெனியைப் பற்றி நான் சண்டை போடத் தயாராக இல்லை. மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். முதலாவது, தனிக் கூடு இல்லாமலே தண்ணீர் தாங்க வேண்டும். நல்ல காமிராக்கள் 10 மீட்டர் ஆழம்வரை தாங்கும். நாலைந்து ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பலவற்றுக்குப் பிளாஸ்டிக் கூடு தனி. அந்தக் கூட்டுக்குள் வேர்த்து, ஆவி படிந்து, படம் முழுவதும் மார்கழிப் பனியாக இருக்கும். இரண்டாவது, முன்பக்கமும் ஒரு சிறு திரை இருந்தால் நல்லது. காமிராவின் எதிரே உட்கார்ந்தபடியே யார் தலை வெட்டுப்படுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது பாட்டரி. விடாமல் ஓட்டினால் பல காமிராக்களில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே இன்னொன்று கையில் இருக்க வேண்டும். மற்றபடி ஐந்து 'கே', எட்டு 'கே' என்று விற்பனையாளர் சொல்லும் கணக்குக்கெல்லாம் மயங்க வேண்டாம். நாலு 'கே'யிலேயே ஒரு மணி நேரப் படம் சுமார் 45 ஜிகாபைட் இடத்தை விழுங்கிவிடும். பார்ப்பதற்கு நம் வீட்டில் என்ன, சினிமாக் கொட்டகையா இருக்கிறது?

போன வருஷத்து மாடல் போதும். மிச்சமாகும் பணத்தில் பொருத்தும் சாமான்களை நல்லதாக வாங்குங்கள். காமிராவைத் தண்ணீருக்குப் பறிகொடுக்காமல் காப்பது அவைதான்.

இப்போது பொருத்துவதற்கு வருவோம். காரின் கண்ணாடியில் அழுத்தினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும் ரப்பர்க் கிண்ணம் பார்த்திருப்பீர்கள். அது வழவழப்பான பரப்பில்தான் நிற்கும். ஃபைபர் பூசிய வள்ளமானால் சரி. ஆனால் பழைய வள்ளங்களில் பலகைகளைக் கயிற்றால் தைத்து, முந்திரிக் கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசியிருப்பார்கள். சொரசொரவென்று கறுத்துக் கிடக்கும் அந்த மரத்தில் கிண்ணம் நிற்காது. பின்புறம் பசை தடவிய தட்டும் அப்படியே. துடைத்து உலர்ந்த பரப்பில் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டால்தான் அது இறுகும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, வள்ளக்காரர் அவசரப்படுத்தும்போது அது நடக்கிற காரியமா? தவிர, வள்ளம் அவருடையது. அதில் எதையாவது ஒட்டி வைத்துவிட்டுப் போக நாம் யார்?

கிளாம்ப்தான் உத்தமம். துணி உலர்த்தும்போது மாட்டும் கிளிப்பின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வள்ளத்தின் குறுக்குப் பலகையையோ விளிம்பையோ பல்லைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது தழும்பில்லாமல் கழன்றுவிடும். அடியில் பழைய துண்டுத் துணி ஒன்றை மடித்து வைத்தால் இன்னும் கெட்டி.

எங்கே மாட்டுவது? வள்ளத்தின் மூக்கில், ஆனால் வெளியே பார்த்தபடி அல்ல, நம்மைப் பார்த்தபடி! வெளியே பார்த்து வைத்தால் இரண்டு மணி நேரமும் தண்ணீரும் தென்னை மரமுமாக ஓடும். முதல் ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாரும் பார்க்கமாட்டார்கள். நம்மைப் பார்த்து வைத்தால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அத்தனை முகங்களும், பின்னால் கழி ஊன்றும் வள்ளக்காரரும், அவருக்குப் பின்னால் விலகிப் போகும் வாய்க்காலும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். இந்தக் காமிராவின் கண் அகலக் கண். பக்கத்தில் இருப்பவரைத் தவறவிடாது. தூரத்தில் இருப்பதைப் புள்ளியாக்கிவிடும். மீன்கொத்தியைப் படம் பிடிக்கிற உத்தேசமிருந்தால் இது உதவாது. பைனாகுலர் கொண்டுபோய்க் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். நீளக் கம்பியில் உயர்த்தி வைத்தால் படம் பிரமாதமாக இருக்கும், முதல் பாலம் வரும் வரையில். நாம் குனிவோம், கம்பி குனியாது. புறப்படுமுன் வள்ளக்காரரிடம், "சேட்டா, கழி எந்தப் பக்கம் வரும்? கயிறு எங்கே கட்டுவீர்கள்?" என்று கேட்டுக்கொண்டு மாட்டுங்கள். சிலர் முன்பக்கம் நின்றும் தள்ளுவார்கள். அப்போது காமிராவை வால் பக்கத்துக்கு மாற்றி, எல்லாரையும் திரும்பி உட்காரச் சொல்ல வேண்டியதுதான்.

கிளாம்ப் எவ்வளவு கெட்டியானாலும் ஒரு நைலான் கயிறு அவசியம். ஒரு நுனி காமிராவில், மறுநுனி குறுக்குப் பலகையில். உங்கள் கையிலோ கழுத்திலோ கட்டிக்கொள்ளாதீர்கள். வள்ளம் கவிழ்ந்தால் உங்களைச் சிக்கவைக்க எந்தக் கயிறும் இருக்கக் கூடாது. காமிராவோடு சேர்த்து மாட்டும் மிதவையும் விற்கிறார்கள். இந்தக் காமிரா தானாக மிதக்காது. கல் மாதிரி போய்விடும். வாங்குவதானால் ஆரஞ்சு நிற மிதவையாக வாங்குங்கள். கறுப்பு மிதவையைக் காயலில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. காமிராவுக்கு மிதவை வாங்கிவிட்டு, நமக்கு மிதவைச் சட்டை போட வெட்கப்படுகிறவர்களும் உண்டு! போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும்.

மாட்டியாயிற்று, சிவப்பு விளக்கு எரிகிறது. இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

அந்த வாய்க்கால்கள் ஊரின் கொல்லைப்புறம். படித்துறையில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஈரத் தலையோடு இன்னொருத்தி படியேறுவாள். நம் வீட்டுக் கிணற்றடியில் நாம் நிற்கும்போது மதில்மேல் ஒரு காமிரா எட்டிப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? கையில் பிடித்த காமிரா என்றால், எதிரே ஆளைக் கண்டதும் கை தானாகத் தாழும். பொருத்திவைத்த காமிராவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டே போகும்.

அது மட்டுமல்ல. அந்த வீடுகளின் சுவர்களைக் கவனியுங்கள். முழங்கால் உயரத்துக்கு ஈரக் கறை தெரியும். கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆற்று வண்டலால் வளர்ந்த தீவு இது. 1980-களில் தென்மலையில் ஆற்றை மறித்து அணை கட்டியபின் வண்டல் வரத்துக் குறைந்துபோயிற்று என்று ஊரார் சொல்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தண்ணீரின் தொல்லை அதிகமாகிவிட்டது என்பதும் அவர்கள் அனுபவம். பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டன. நமக்கு அழகான நீர்ப் பாதையாகத் தெரிவது அவர்களுக்கு அடுப்பங்கரைக்குள் நுழைகிற தண்ணீர்.

ஆகவே வள்ளக்காரரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்: வீடுகள் உள்ள வாய்க்காலுக்குத் திரும்புமுன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று. சொன்னதும் நிறுத்திவிடுங்கள். சில காமிராக்கள் வாயால் சொன்னாலே நின்றுவிடும். ஆனால் எங்களுடையதற்குத் தமிழ் தெரியாது. பெரியம்மா, "போதும்டா கண்ணா, நிறுத்து" என்று எவ்வளவோ அன்பாகச் சொல்லிப் பார்த்தார். அது கேட்கவில்லை. கடைசியில் முன்னால் இருந்த பெண், கண் துடைக்கிற மாதிரி அதன்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடினாள். சுலபமான வழி! காமிராவையே நிறுத்திவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. பாட்டரி மிச்சமாகும், காமிரா வெயிலில் சூடேறித் தானாக அணைந்துபோகாமலும் இருக்கும். கரையில் இருப்பவர்களே சிரித்துக் கையசைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், அப்போது தாராளமாக எடுங்கள்.

கைக்குட்டை போட்டிருந்த நேரத்தில்தான், கரையில் தென்னை நாரை வைத்துக் கயிறு திரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியோடு பெரியம்மா பேசினார். இவருக்கு மலையாளம் தெரியாது. அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். இருந்தும் எத்தனை பெண்கள், எத்தனை பேரன் என்ற கணக்கெல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அது படத்தில் இல்லை.

படத்தில் இருப்பது பாலம். வள்ளக்காரர் குரல் கொடுக்கிறார். மூன்று பெண்களும் பெரியம்மாவும் ஒரே சமயத்தில் மடங்குகிறார்கள். திரை இருட்டாகிறது. இருட்டில் யாரோ களுக்கென்று சிரிக்கும் சத்தம். மறுபடி வெளிச்சம் வரும்போது பெரியம்மாவின் மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது; மூத்த பெண் அதைச் சரிசெய்கிறாள்; நாலு பேரும் மூச்சுவிட முடியாமல் சிரிக்கிறார்கள். மொத்தம் பதினோரு விநாடி. நாற்பது நிமிஷம் ஓடிய காமிராவில் அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அது ஒன்றைத்தான்.

கரையேறியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காயல் தண்ணீர் உப்புக் கரிக்கும். பாட்டரிக் கதவை இறுக மூடியபடியே, ஒரு வாளி நல்ல தண்ணீரில் காமிராவையும் கிளாம்பையும் நன்றாக அலசுங்கள். முக்கியமாகக் கிளாம்பின் ஸ்பிரிங்கை; துருப்பிடித்தால் அடுத்த தடவை பிடிக்காது. துடைத்து நிழலில் உலரவிட்டு, ஈரம் முழுக்கப் போனபின் கதவைத் திறந்து கார்டை எடுங்கள். அதற்குள் வள்ளக்காரர் வீட்டில் கட்டன் சாயா போட்டிருப்பார்கள், குடித்துவிட்டுப் புறப்படலாம்.