பின்சுமையும் முன்சக்கரமும்

கேரியரில் இருபது கிலோ ஏறினால் கனம் பின்னால்தான் இருக்கும், ஆனால் அதை முதலில் சொல்வது ஹேண்டில். மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் பிடிப்பில்லாமல் இப்படியும் அப்படியும் அலையும்.

கணக்குப் பார்த்தால் இது வேடிக்கை. ஆளும் சைக்கிளும் 80 கிலோ என்றால் முன்சக்கரத்தின் பங்கு ஏறத்தாழ 32. பின் அச்சுக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளி 20 கிலோ பைகளை மாட்டினால் அது 30 ஆகும். குறைந்தது இரண்டே கிலோ! மிச்சத்தை மலை பார்த்துக்கொள்ளும். கொல்லிமலையில் காரவள்ளிக்கு மேலே தொடங்கும் அந்த எழுபது கொண்டை ஊசி வளைவுகளில், பத்துக்கு ஒன்று என்று ரோடு நிமிரும் இடத்தில், சரிவு இன்னும் ஒன்பது கிலோவைப் பின்னால் தள்ளிவிடுகிறது. நூறு கிலோவில் இருபத்தொன்றுதான் இப்போது முன்னால். அங்கே எழுந்து நின்று மிதிப்பதை நான் விட்டுவிட்டேன். உடம்பு சாய்ந்த பிறகு ஒரு கணம் தாமதித்துத்தான் பைகள் சாய்கின்றன. அடுத்த மிதிக்கு நாம் இந்தப்பக்கம் வரும்போது அவை அந்தப்பக்கம் இழுக்கும். உட்கார்ந்தபடி, சின்ன கியரில், நெஞ்சை ஹேண்டில் பக்கம் கொண்டுபோய் மிதிப்பதே மேல்.

எடையைவிட அது உட்காரும் இடம் முக்கியம் என்பதற்கு நம்மூர் பால்காரர்களின் கறுப்பு சைக்கிளே சாட்சி. இரண்டு பக்கமும் நிறைந்த கேன்கள், ஒரு கையால் மணி. அந்த சைக்கிளின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகம். ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருக்கும். ஹேண்டில் நிதானமாகத்தான் திரும்பும். பெடலிலிருந்து பின் அச்சுவரை நீளமாக இருப்பதால், குதிகால் இடிக்காமலே கேன் அச்சுக்கு நேராகத் தொங்கும். முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்னால் 40. எந்தச் சக்கரம் சுமக்கிறது என்று அதைக் கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. பந்தய சைக்கிளில் அந்த இடம் குட்டை. குதிகாலுக்கு வழிவிடப் பையைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். நகர்த்திய ஒவ்வொரு விரற்கடைக்கும் ஹேண்டில் லேசாகும். தூரப் பயணத்துக்கென்று செய்த சைக்கிளை வாங்கச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும். பெயின்டும் பிராண்டும் பிறகு.

அந்தக் கேன்களில் இன்னொரு பாடமும் உண்டு. நிறைந்த கேனைவிடப் பாதி நிறைந்ததுதான் தொல்லை. உள்ளே பால் அலம்பி, வளைவு முடிந்த பிறகும் தள்ளிக்கொண்டிருக்கும். தளர்வாக அடுக்கிய பையும் அதே வேலையைச் செய்யும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி இறுக்கிக் கட்டுவார்களே, அதற்கு ஈடாகக் கடையில் விற்கும் எந்தப் பட்டையையும் நான் கண்டதில்லை.

நீளமான நேர் இறக்கத்தில், வேகம் ஏறியதும், சில நேரம் ஹேண்டில் தானாக உதறத் தொடங்கும். பின்சுமை ஒருபக்கம் முறுக்க, ஃபிரேம் மறுபக்கம் முறுக்க, உதறல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். பயத்தில் ஹேண்டிலை இறுக்கினால் அதிகமாகும். முழங்கால் இரண்டாலும் பாரை அழுத்திப் பிடித்து, சீட்டிலிருந்து பாரத்தைக் கொஞ்சம் தூக்கி, பிரேக்கை மெல்லப் பிடித்தால் அடங்கிவிடும். கேரியர் ஸ்குரூ தளர்ந்திருந்தாலும் இது வரும். அதனால் கிளம்பும் முன்னே சீட்டைப் பிடித்து ஒரு உலுக்கு. பைகள் சைக்கிளோடு சேர்ந்து நின்றால் சரி. பின்னால் தனியாக ஆடினால் ஸ்பானரை எடுக்க வேண்டியதுதான்.

பின்சக்கரக் கம்பி உடைந்தால் பெரும்பாலும் செயின் பக்கத்தில்தான் உடையும். அங்கேதான் இழுவிசை அதிகம். ஃப்ரீவீலைக் கழற்றாமல் மாற்றவும் முடியாது. மாற்றுக் கம்பி இரண்டை ஃபிரேமோடு டேப் சுற்றி வைத்துக்கொள்வது நல்லது.

இருபது கிலோவில் ஏழெட்டை முன் ஃபோர்க்கின் இருபக்கமும், அச்சு உயரத்துக்கு, தாழ்வாக மாட்டிப் பாருங்கள். ஹேண்டில் கனக்கும், திரும்பச் சோம்பும். ஆனால் திருப்பிய இடத்தில் நிற்கும். கூடாரத்தைக் கேரியர் உச்சியில் கட்டும் வழக்கம் மட்டும் எனக்குப் பிடிபடவேயில்லை. அதையும் முன்னால் கொண்டுவரலாம்.