கை நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை

2020 மே மாதம் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்த ஆர்டர்களில் பாதிக்கு மேல் கண்ணாடிக்கு வேலையே இல்லை. எல்லோரும் அக்ரிலிக் ஷீட் கேட்டார்கள். மருந்துக்கடை, ஸ்வீட் ஸ்டால், அடகுக்கடை, கூட்டுறவுச் சங்கம் என எங்கிருந்து போன் வந்தாலும் ஒரே விவரம்தான். "கவுண்டர்ல நிக்க வைக்கணும், அந்தப் பக்கம் தெரியணும், கீழ கை நுழையிற அளவுக்கு ஒரு ஓட்டை வேணும்."

கடை சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி, பீரோ கண்ணாடி, சாமி படம், கடை முகப்பு இவைதான் தொழில். நான் எம்.காம். முடித்துவிட்டுக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தவள். வெட்டுவது ஒரு அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் சந்தில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை, எல்லோருக்கும் 'கட்டிங் அண்ணன்'. மண்ணெண்ணெயில் தொட்ட கட்டரை ஸ்கேலோடு ஒட்டி ஒரே இழுப்பு இழுப்பார். அந்தச் சத்தத்தை வைத்தே கண்ணாடி சரியாகப் பிரியுமா, இல்லை வேறு பக்கம் ஓடுமா என்று சொல்லிவிடுவார்.

மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் சந்து மொத்தமும் அடைந்துபோனது. மே 4-ல் மீனாட்சி திருக்கல்யாணத்தைக்கூட போனில்தான் பார்த்தோம். ஆனால் கண்ணாடித் தொழிலில் ஒரு இடத்தை மட்டும் நினைத்தபோது நிறுத்த முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைனுக்கு இருப்பது போன்ற ஃப்ளோட் கண்ணாடி ஆலைகளில் உலை ஏறக்குறைய 1500 டிகிரியில் இரவு பகலாக வருஷக்கணக்கில் எரிகிறது. உருகிய கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து வந்துதான் தகடாகிறது. உலையை ஆறவிட்டால் உள்ளே இருப்பது இறுகி உலையே பாழாகிவிடும். தொடர்ந்து ஓடியே ஆக வேண்டிய ஆலைகளுக்கு ஊரடங்கு உத்தரவிலேயே, மாநில அரசின் அனுமதியோடு இயங்க விலக்கு இருந்தது. இங்கே எங்களுக்கோ ஷட்டரைத் தூக்கவே வழியில்லை, வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தளர்வு வந்து கடை திறந்ததும் வந்தவைதான் அந்தத் தடுப்பு ஆர்டர்கள். கட்டிங் அண்ணனுக்கு அக்ரிலிக் பிடிக்கவே இல்லை. கண்ணாடியில் ஒரு கீறல் போட்டுத் தட்டினால் பிரிந்துவிடும். அக்ரிலிக்கைக் கொக்கி பிளேடால் திரும்பத் திரும்பச் சுரண்ட வேண்டும், இல்லையென்றால் ரம்பம் வைத்து அறுக்க வேண்டும். வேகமாக அறுத்தால் சூட்டில் உருகி ரம்பத்திலேயே ஒட்டிக்கொள்ளும், ஒரு நாற்றம் வேறு. முதல் வாரம் மூன்று ஷீட் வீணானது. "முப்பது வருஷம் கத்துக்கிட்டது இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பத்தல பாப்பா" என்று சிரித்தார். அடுத்த மாதமே வட்ட ஓட்டை போடுவதில் சந்திலேயே அவர்தான் ஆள்.

அப்பா ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. அக்ரிலிக் விலை ஏறிக்கொண்டே போனது. அதைவிட மலிவாக முடியும் என்று சிலர் சாதா 4 எம்.எம். கண்ணாடியையே நிறுத்தித் தரச் சொன்னார்கள். கவுண்டரில் பிடிமானமில்லாமல் நிற்கும் சாதா கண்ணாடி சாய்ந்தால் கத்தி கத்தியாகத்தான் உடையும். டஃபன்ட் கண்ணாடி அப்படியில்லை, பொடிக்கல்லாக உதிரும். ஆனால் அதைச் சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்த பிறகு வெட்டவும் முடியாது, ஓட்டை போடவும் முடியாது. எல்லா அளவையும் முன்னாலேயே சொல்லி வெளியில் செய்து வாங்க வேண்டும். அந்த மாதங்களில் அதற்கு வழியில்லை.

ஒருவர் எட்டு கவுண்டருக்குச் சாதா கண்ணாடி கேட்டு முன்பணத்தோடு வந்தார். கட்டிங் அண்ணனுக்கும் ஹெல்பருக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சாஞ்சா உள்ள உக்காந்திருக்க புள்ள கழுத்துலதாண்ணே விழும். வேற கடை பாருங்க" என்றார் அப்பா. அவரும் வேறு கடைக்குத்தான் போனார். ஜூன் 24-லிருந்து மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. அந்தப் பணம் இருந்திருந்தால் அந்த நாட்களைத் தாண்டியிருப்போம் என்று எனக்குக் கோபம். அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்கள் மாட்டிய தடுப்புகளைப் பிறகு ஊருக்குள் பார்க்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. தடுப்புக்குப் பின்னால் இருப்பவருக்கு நாம் பேசுவது கேட்காது. அதனால் எல்லோரும் மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டுக் குனிந்து, பணம் கொடுக்கும் ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினார்கள். அந்தப் பக்கத்து ஆளும் அதே ஓட்டைக்குக் காதைக் கொண்டு வந்தார். தினமும் சானிடைசர் போட்டுத் துடைத்ததில் அக்ரிலிக்கில் நூல் நூலாக வெடிப்பு விழுந்து, சில மாதங்களில் ஆளே மங்கலாகிவிட்டார்.

2021-ல் கொரோனா காற்றில் மிதந்தும் பரவுகிறது என்பது அழுத்தமாகப் பேசப்பட்டது. ஏப்ரலில் லான்செட் இதழில் அதற்குப் பத்து காரணங்களை அடுக்கி விஞ்ஞானிகள் எழுதினார்கள். எச்சில் தெறிப்பதைத் தடுப்பு நிறுத்தும். புகை போல மிதப்பது சுற்றிக்கொண்டு வரும். அதற்கு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். எங்களைப் போன்ற கடைகள் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தது இதற்கு நேர் எதிரான வேலை. ஏ.சி. போட்ட கடைக்கெல்லாம் திறக்கவே முடியாத முகப்புக் கண்ணாடி மாட்டிச் சந்து சந்தாகச் சிலிக்கான் வைத்து அடைத்தோம். காற்று புகக் கூடாது என்பதுதான் அங்கே வேலை சுத்தம் என்பதற்கு அடையாளம்.

மே 10-ல் தமிழ்நாடு மறுபடி முழு ஊரடங்குக்குள் போனது. அதற்குப் பிறகான வாரங்களில் கடையில் ஓடியது 2 எம்.எம். கண்ணாடி, போட்டோ பிரேமுக்குப் போடுவது. கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த முகங்கள் வாட்ஸப்பில் வரும். ஓரத்தில் யாருடைய தோளோ, சேலை முந்தானையோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பையன் அவன் அம்மா படத்தை வாங்க வந்தான். "தத்தனேரியில முகத்தைக் காட்டலக்கா" என்று மட்டும் சொன்னான். பிரேமைத் துணியால் துடைத்தான், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான், மறுபடி துடைத்தான். அந்த மாதத்துப் படங்களை அப்பா அண்ணனிடம் கொடுக்கவில்லை, அவரே வெட்டினார்.

தடுப்புகள் பிழைப்பு கொடுத்தன. அவை வீண் என்று என்னால் சொல்ல முடியாது, பயந்துபோய் மூடிக் கிடந்த கவுண்டரைத் திறக்கும் தைரியத்தை அவைதான் கொடுத்தன. இப்போது பல தடுப்புகள் வடை, போண்டா மூடும் பெட்டிகளாகிவிட்டன, சிலவற்றை நாங்களே ஒட்டிக் கொடுத்தோம். ஆனால் ஆள் தெரிவதும் காற்று வருவதும் வேறு வேறு என்று ஒரு கண்ணாடிக் கடைக்காரியாக எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் அளவு எடுக்க வருகிறவர்களிடம் இப்போது ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கிறேன். "அடைச்ச மாதிரியா, திறக்கிற மாதிரியா?" பெரும்பாலும் ஸ்லைடிங் என்பார்கள். ரெண்டு டிராக் ஸ்லைடிங்கில் ஒரு கதவு எப்போதும் மற்றதன் பின்னால்தான் நிற்கும், பாதி ஜன்னல்தான் திறக்கும். கீல் வைத்த கதவென்றால் முழுசும் திறக்கும், செலவு கூடும் என்று சொல்வேன். பத்துப் பேரில் இரண்டு பேர் ஒத்துக்கொள்வார்கள். மற்றவர்களிடம், படுக்கிற ரூமில் ஒன்றையாவது அப்படி வையுங்கள் என்று கேட்டுப் பார்ப்பேன். "இவ யாவாரம் பண்ண வந்தாளா, வைத்தியம் பண்ண வந்தாளா" என்பார் அப்பா, அளவு நோட்டில் கீலைக் குறித்துக்கொண்டே.