மகள் எழுத்து படித்த கல்லறை

சென்ற வருஷம் என் பெண்ணின் பிரசவத்துக்காக லண்டன் போயிருந்தேன். பிரசவ லேகியம், சுண்டைக்காய் வற்றல், பருப்புப்பொடி என்று மூட்டை கட்டிக்கொண்டு போன எனக்கு ஊர் சுற்றும் உத்தேசமே கிடையாது. பேத்தி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பெண்ணுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கர்ப்பப்பையில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, நரம்பில் மருந்து ஏற்றி, நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாலு நாளும் நான் வேண்டாத தெய்வமில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கேட்டார்: "அத்தை, வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கறீங்களே! பிராங்கன்ஸ்டைன்னு ஒரு கதை தெரியுமில்ல? அதை எழுதின மேரி ஷெல்லியோட அம்மா கல்லறை இங்கேதான் இருக்கு. பார்க்கலாமா?"

"கல்லறைக்கா? பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டிலேருந்தா?"

"வந்ததும் தலைக்குக் குளிச்சிட்டா ஆச்சு. போயிட்டு வாம்மா" என்று பெண்தான் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டாள்.

ஈஸ்ட்ஹாமில் ரயிலேறி கிங்ஸ் கிராஸில் இறங்கினோம். செங்கல் அரண்மனை மாதிரி நிற்கும் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனை ஒட்டி நடந்தால், பெரிய கண்ணாடிக் கட்டிடம் ஒன்று. பிரான்சிஸ் கிரிக் பெயரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக்கூடமாம். அதைத் தாண்டிச் சற்று நடந்தால் பழைய செயின்ட் பாங்க்ராஸ் சர்ச். சின்ன மேட்டின் மேல் சின்னக் கோயில். சுற்றிலும் மரங்கள், பாசி படிந்த கற்கள். ஜான் சோன் என்ற கட்டிடக் கலைஞரின் சமாதியும் அங்கே இருக்கிறது. லண்டனின் சிவப்பு டெலிபோன் கூண்டுக்கு அதன் கூரைதான் மாதிரி என்கிறார்கள். பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

நாங்கள் தேடி வந்தது அலங்காரமே இல்லாத ஒரு சதுரக் கல்தூண். மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் என்ற பெயர், பெண்களின் உரிமைக்காக 1792-ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. அவ்வளவுதான். 1797 ஆகஸ்ட் 30-ல் இவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சு விழவில்லை. டாக்டர் கையை விட்டுத் துண்டு துண்டாக எடுத்தார். ஜுரம் கண்டது, செப்டம்பர் 10-ம் தேதி போய்விட்டார். வயது 38.

எனக்கு அங்கேயே கால் தளர்ந்துவிட்டது. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். என் பெண்ணுக்கு வந்ததும் இந்த வகை ஜுரம்தானே! மருத்துவம் பார்ப்பவர்களின் கை வழியாகத்தான் பிரசவ ஜுரம் பரவுகிறது என்று 1795-லேயே அபர்டீன் நகர டாக்டர் அலெக்சாண்டர் கார்டன் எழுதியிருக்கிறார். யார் கேட்டார்கள்? 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் டாக்டர்களைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வைத்தபோது சாவு மளமளவென்று குறைந்தது. அப்போதும் நிறையப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை.

தாயில்லாமல் வளர்ந்த அந்தக் குழந்தைதான் மேரி ஷெல்லி. இந்தக் கல்லில் இருந்த தாயின் பெயரைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றுக்கொண்டாள் என்று சொல்வார்கள். 16 வயதில் கவிஞர் ஷெல்லியுடன் வீட்டை விட்டுப் போனாள். அவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாள். அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். 1815-ல் குறைமாதத்தில் ஒரு பெண் பிறந்து, இரண்டு வாரத்தில் இறந்தது. குழந்தை வெறுமனே குளிர்ந்துதான் போயிருந்தது, கணப்பின் முன் வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக டைரியில் எழுதியிருக்கிறாள். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

அது மின்சாரம் புதிதாய் இருந்த காலம். 1803-ல் ஆல்டினி என்ற இத்தாலியர் இதே லண்டனில், தூக்கிலிட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்ச, தாடை துடித்து ஒரு கண் திறந்தது. இப்படிப்பட்ட பேச்செல்லாம் மேரியின் காதில் விழுந்திருந்தது. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழை. முந்தின வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவு. வெளியே போக முடியாமல் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பைரன் பிரபு சொன்னார். 18 வயது மேரியின் மடியில் அப்போது ஐந்து மாதக் கைக்குழந்தை. அந்தக் கதையை எழுதி முடித்த 1817-ல் மறுபடி கர்ப்பிணி!

முதல் விஞ்ஞான நாவல் இதுதான் என்று பலர் கொண்டாடுகிறார்கள். சினிமாக்காரர்கள் கழுத்தில் ஆணி வைத்துப் பூதமாக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை வாங்கித் தந்த புத்தகத்தைப் பிறகு படித்தேன். அதில் விஞ்ஞானி ஓர் உயிரை உண்டாக்கி, அது கண் விழித்ததும் அருவருத்து ஓடிவிடுகிறான். பெயர்கூட வைப்பதில்லை. அதுவோ ஒரு குடிசையின் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்து, அடுத்தவர் பேசுவதைக் கேட்டே பேச்சுக் கற்றுக்கொள்கிறது. அந்த இடத்தில் எனக்கு இந்தக் கல்தான் கண்முன் வந்தது.

1818 ஜனவரியில் 500 பிரதிகள், ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்தன. கணவர்தான் எழுதியிருப்பார் என்று பலர் நினைத்தார்கள். 1823-ல்தான் அட்டையில் இவள் பெயர் ஏறியது. அதற்குள் இன்னும் இரண்டு குழந்தைகளையும் கணவரையும் பறிகொடுத்துவிட்டாள். மிஞ்சியது பெர்ஸி என்ற ஒரே மகன். 1851-ல் அவள் இறந்தபோது, பாட்டியின் எலும்புகளையும் இங்கிருந்து எடுத்துப் போய், போர்ன்மவுத்தில் அம்மாவுடன் சேர்த்து வைத்தான். தாயும் பெண்ணும் சேர்ந்திருப்பது அங்கேதான். இங்கே இருப்பது வெறும் கல்.

இருந்தாலும் அந்த முதல் எழுத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

வீடு திரும்பியதும் பேத்தியின் அழுகைச் சத்தம் கேட்டு, குளிப்பதைக்கூட மறந்து கையை நீட்டிக்கொண்டு போனேன். "முதல்ல சோப்பு போட்டுக் கை கழுவு!" என்றாள் என் பெண்.