வண்டி வந்துச்சு, வரலாறு வரல

இந்த மே மாசம் காலேஜ் முடியுது. கொஞ்ச நாள்ல என் சாலிட்வொர்க்ஸ் ஸ்டூடன்ட் லைசென்ஸும் முடிஞ்சிடும். அது படிக்கறதுக்கு மட்டும்தான், அதை வச்சு காசுக்கு வேலை செய்யக் கூடாது. சொந்தமா கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க என்கிட்ட வசதி இல்ல.

இதையெல்லாம் நான் யோசிச்சதே இல்ல, எங்க அத்தை கேக்கற வரைக்கும். குருசுக்குப்பத்துல அத்தை மீன் விக்கறாங்க. மினி ப்ராஜெக்ட்டுக்காக அவங்க ஐஸ் பெட்டியை வைக்க ஒரு தள்ளுவண்டி டிசைன் பண்ணியிருந்தேன். மார்க் வந்துச்சு, வண்டி வரல. போன மாசம், "பெரிய பெட்டி வாங்கிட்டேன்டா, வண்டியை அதுக்கேத்த மாதிரி மாத்திக் குடு, வெல்டர்கிட்ட பேசிட்டேன்"னு சொன்னாங்க.

சரி, ஃப்ரீகேட் ட்ரை பண்ணலாம்னு இறக்கினேன். இலவசம், லினக்ஸ்லயும் ஓடும், லைசென்ஸ் முடியற தேதி கிடையாது. பழைய மாடலை ஸ்டெப் ஃபைலா எடுத்துத் திறந்தேன். வண்டி அப்படியே வந்துச்சு! அகலத்தை 500-லிருந்து 600 மி.மீ. ஆக்கலாம்னு தேடினா, மாத்தறதுக்கு எதுவுமே இல்ல. ஸ்டெப் ஃபைல்ல வடிவம் மட்டும்தான் வரும். எந்த ஸ்கெட்ச், எந்த அளவு, எது முதல்ல எது அப்புறம்ங்கற ஃபீச்சர் ட்ரீ வராது. அதாவது நான் யோசிச்ச விதம் வரல.

மூணு சாயங்காலம் உக்காந்து முதல்ல இருந்து வரைஞ்சேன். இந்தத் தடவை எல்லா அளவையும் ஃப்ரீகேட்லயே இருக்கற ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டேன். சீனியர்ஸ் ஒரு விஷயம் சொல்லி பயமுறுத்தியிருந்தாங்க: ஆரம்ப ஸ்கெட்சை மாத்தினா விளிம்புகளோட நம்பர் மாறி, ஃபில்லெட் வேற இடத்துக்குத் தாவிடும்னு. 2024 நவம்பர்ல வந்த 1.0 வெர்ஷன்ல அதைப் பெரும்பாலும் சரி பண்ணிட்டாங்க. 600னு போட்டேன், ஃப்ரேம் மொத்தமும் விரிஞ்சுது. ஒரு போல்ட் ஓட்டை மட்டும் நகரல. அது நான் தப்பான பக்கத்துல இருந்து அளவு குடுத்ததால.

அதுக்காக சாலிட்வொர்க்ஸை விட்டுடல. இன்டர்வியூல அதையும் கேட்டியாவையும் க்ரியோவையும்தான் கேக்கறாங்க. அசெம்பிளி இன்னும் எனக்கு அதுலதான் வேகமா வருது. வேலைக்கு அது, என் சொந்த டிசைனுக்கு ஃப்ரீகேட்னு முடிவு பண்ணியிருக்கேன்.

ஜூனியர்ஸ், லைசென்ஸ் இருக்கும்போதே ஸ்டெப் ஃபைலோட, எல்லா அளவும் போட்ட டிராயிங்கையும் பிடிஎஃப்பா எடுத்து வச்சுக்குங்க. திரும்ப வரையறதுக்கு அதுதான் உதவும்.

அத்தைகிட்ட போன்ல படத்தைக் காட்டினேன். "கைப்பிடி ஏன்டா இவ்ளோ தாழ இருக்கு?"ன்னாங்க. ஸ்ப்ரெட்ஷீட்ல ஒரு நம்பர்தான். மாத்திட்டேன்.