சிங்கராஜ வனத்துப் பெரணி மரம்

எங்கள் அச்சங்குளத்தில் மழை வந்தால் உழவருக்கு மகிழ்ச்சி. வெடி உலர்த்துகிறவர்களுக்குக் கவலை. வருஷம் முழுவதும் பெய்வதே முப்பது அங்குலத்தை ஒட்டித்தான். அந்தக் கரிசல் சீமையிலிருந்து, சென்ற கோடை விடுமுறையில், 100 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டும் இலங்கையின் சிங்கராஜ வனத்துக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, கலவானை வழியாகக் குடாவ வரையில் வண்டி, அப்பால் நடை. வழிகாட்டி இல்லாமல் மனிதரை உள்ளே விடுவதில்லை. அட்டைகளோ அநுமதி கேளாமலே காலில் ஏறின!

ஓர் ஓடைக்கரையின் இருளில் வழிகாட்டி நின்று விரலை நீட்டினார். கைத்தடிப் பருமனில் கறுத்த தண்டு, இடுப்பளவு உயரம். உச்சியில் வாள்போல் நீண்டு, ஓரம் நெளிந்த இலைகள். மரப்பெரணிகளின் இலை பெரும்பாலும் இறகுபோல் பிளந்திருக்கும். இதிலோ பிளவே இல்லை. 'சயாத்தியா சினுவாட்டா' என்பது சாஸ்திரப் பெயர். இலங்கையின் ஈரக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை.

பூவும் இல்லை, காயும் இல்லை. இலையின் அடிப்புறத்து நுண்தூளே இதற்கு வித்து. தூள் என்றதும் வெடியூர்க்காரனுக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. பெரணியின் தூரத்து உறவான லைகோபோடியத்தின் தூளைக் கொளுத்தித்தான் முன்னாளில் நாடக மேடையில் மின்னல் காட்டினார்கள். ஆனால் மரப்பெரணியின் தூளுக்கு வேண்டியது நீர். ஈரமண்ணில் விழுந்தால் நகத்தளவு பச்சைத் தகடு ஒன்று முளைக்கும். அதன்மேல் நீர்ப்படலம் இருந்து, ஆண் அணு அதில் நீந்திப் பெண் அணுவைச் சேர்ந்தால்தான் கன்று உண்டாகும். மேலே நிழல் தரும் பெருமரங்களை வெட்டினால் வெயில் இறங்கித் தகடு கருகிவிடும். பெரணியை ஒருவரும் தொடாமலே அதன் வம்சம் அற்றுப்போகும்.

வெள்ளையர் ஆட்சியில் கோப்பிக்கும் தேயிலைக்கும் ரப்பருக்குமாக அத்தீவின் காடுகள் அழிந்தன. கோடரி பிடித்த கூலிகள் யார்? மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வறுமையால் கடல் கடந்த நம்மவர்களும்தாம். அவர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள். சுயராஜ்யம் வந்தபிறகாவது காடு பிழைத்ததா? 1970-களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜத்திலேயே யந்திரங்கள் இறங்கின. ஜனங்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெட்டு நின்றது. 1988-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. வனத்தின் விளிம்பு வரை இன்றும் தேயிலைத் தோட்டங்கள் நெருங்கி நிற்கின்றன.

போக விரும்பும் நேயர்கள் அட்டைக்குச் சவுக்காரமும் உப்பும் கொண்டுபோகலாம். செடி எதையும் பிடுங்கி வர எண்ணவேண்டாம். சயாத்தியா இனம் முழுவதும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கொண்டுவந்தாலும் நம் ஊர் வெயிலில் அது ஒரு வாரம் தாங்காது.