மாமாவின் வண்டியும் என் லைசென்ஸும்

ராயபுரம், சென்னை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு நண்பா,

பொங்கலுக்கு வந்து காடி எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப்போகிறேன் என்று டிக்கெட் போட்ட கையோடு சொன்னாயே, அதனால்தான் கோயில் கதை, கடற்கரைக் கதை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இன்சூரன்ஸ் கதையை முதலில் எழுதுகிறேன். கொட்டாவி விடாதே. இதில் ஒரு மீன் கூடையும் வருகிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே வந்து 'காடி' என்று சொல்லாதே. "உன் காடி எங்க மாமா?" என்று கேட்டேன், அத்தை அடுப்படியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். அவளுக்குக் காடி என்றால் புளித்த தண்ணீர். இங்கே எல்லாமே 'வண்டி'தான். மாமாவின் மாருதியும் வண்டி, துறைமுகத்துக்குப் போகும் நாற்பதடி டிரெய்லரும் வண்டி, மீன்பாடி வண்டியும் வண்டி.

அந்த மாருதி வாசலில் தார்பாய் போர்த்திக்கொண்டு தூங்கியது. மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், நான் பையை இறக்கி வைப்பதற்குள் சாவியை நீட்டினார். "மாப்ள, திருவொற்றியூர் கோயிலுக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. நீ ஓட்டு, நான் பக்கத்துல குந்திக்கினு வரேன்."

எனக்கும் ஆசைதான். இந்தியாவும் நம் மலேசியாவைப் போல இடப்பக்கம் ஓட்டுகிற நாடு, ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ஆனால் மனம் ஒப்பவில்லை. என் பெயர் எந்த இன்சூரன்ஸிலும் இல்லையே? லண்டனில் இருக்கும் என் தங்கையிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "இதுக்கா கவலை? நாள் கணக்குல இன்சூரன்ஸ் வாங்கிக்க" என்றாள். அங்கே அப்படித்தான். நண்பனின் காரை ஒரு நாளைக்கு வாங்கினாலும், கைப்பேசியிலேயே லைசென்ஸ் விவரத்தைக் கொடுத்து அந்த ஒரு நாளுக்கு மட்டும் தன் பெயரில் காப்பீடு எடுத்துவிடலாம். நமக்கும் இது புதிதில்லை. ஹாட்யாய் போகும்போது சாங்லுனில் வண்டியை ஓரங்கட்டி, கடைக்காரரிடம் தாய்லாந்து இன்சூரன்ஸ் வாங்கிக்கொண்டுதானே எல்லை தாண்டினோம்? அதே நினைப்பில், இங்கேயும் பத்து நாள் இன்சூரன்ஸ் ஒன்று வாங்கிவிடலாம் என்று தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு ஏஜென்டைப் பார்க்கப் போனேன்.

ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷன் மெஷினும் வைத்த பத்தடிக் கடை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "அப்படி ஒரு பாலிசியே கிடையாது சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் யாரோ ஒருவரின் பாலிசியை எடுத்து, பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, 'டிரைவர்' என்று போட்டிருந்த பத்தியைக் காட்டினார். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஓட்டுகிற நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி இழந்தவராக இருக்கக்கூடாது. சாரம் அவ்வளவுதான். இங்கே இன்சூரன்ஸ் வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுகிறவன் வருவான், போவான். உனக்கென்று தனியாக ஒரு சீட்டு தேடி அலைந்தால் கிடைக்காது. மாமா வண்டியின் பாலிசி உயிரோடு இருந்து, உன் லைசென்ஸ் இங்கே செல்லும் என்றால், நீயும் அந்தக் குடைக்குள் வந்துவிடுகிறாய். பெயர் சேர்க்க வேண்டியதுகூட இல்லை.

லைசென்ஸ் இங்கே செல்லுமா என்பதற்குத்தான் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. இந்தியாவும் மலேசியாவும் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் உள்ள நாடுகள், ஆகவே நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே தரும் அந்தச் சிறு புத்தகம் இங்கே பேசும். 150 ரிங்கிட், ஒரு வருஷம் செல்லும். ஆனால் அது லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். லைசென்ஸ் அட்டையும் கூடவே இருக்க வேண்டும். லைசென்ஸ் கொடுத்த நாட்டில்தான் அதையும் வாங்க முடியும். இங்கே வந்து இறங்கிவிட்டுத் தலையைச் சொறிந்தால் எந்த அலுவலகமும் உதவாது. நான் வாங்கி வந்தது என் புத்திசாலித்தனம் இல்லை, என் மனைவி பிடுங்கிப் பிடுங்கி வாங்க வைத்தது.

ஏஜென்ட் அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பக்கம், கடைசியில் என் படமும் கார் வகைக்கு எதிரே ஒரு முத்திரையும். "இது போதும் சார். வண்டி பாலிசி எப்ப முடியுது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை, பார். என் கவலையெல்லாம் என்னைப் பற்றித்தான்.

வீட்டுக்கு வந்து டேஷ்போர்டைத் திறந்தோம். பழைய டோல் சீட்டுகள், உலர்ந்த திருநீற்றுப் பொட்டலம், ஒரு ஸ்பார்க் பிளக், பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சள் பூத்த காகிதம். மாமாவுக்குக் கண் தெரியாது, நான்தான் படித்தேன். முடிந்து பதினோரு நாள். ஆபரேஷன் பரபரப்பில் மறந்துவிட்டார். கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்திகளை யாரும் திறக்கவில்லை. "வண்டி நின்னுக்கினு தானே இருந்தது" என்றார், ஏதோ நிற்கிற வண்டிக்குத் தேதி ஓடாது என்கிற மாதிரி.

நான் உறைந்துபோனதற்குக் காரணம் அபராதம் இல்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். 2,000 ரூபாயை நம்மூர் சம்மன் மாதிரி நினைத்துக் கட்டிவிடலாம். பயம் விபத்தில்தான். யாருக்காவது அடிபட்டால், உயிர் போனால், இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்கிற தொகை முழுவதும் வண்டிக்காரர் தலையில். மாமாவின் ஓய்வூதியம், இந்தத் திண்ணை, எல்லாம் போகும். அது மட்டுமில்லை. லைசென்ஸ் செல்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்தால், கொடுத்தவருக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. வண்டிக்குப் பாலிசி இருந்தும் ஓட்டியவனின் லைசென்ஸ் சரியில்லை என்றால்? 2004இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிடும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும். அடிபட்டவருக்கு அது நியாயம்தான். நீ விமானம் ஏறிப் போயிருப்பாய், நோட்டீஸ் இந்தத் திண்ணைக்கு வரும்.

மறுபடி ஏஜென்ட் கடை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் என்றால் உடனே கிடைக்கும், விலையும் அரசாங்கம் நிர்ணயித்தது. 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை உள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் வரி. ஒரு வாரத்துக்கு என்று கெஞ்சினாலும் ஒரு வருஷத்துக்குத்தான். ஆனால் வண்டிக்கு ஏற்படுகிற சேதத்துக்கும் சேர்த்து வேண்டும் என்றார் மாமா. 2015 வெள்ளத்தில் தெருவில் மிதந்த வண்டிகளையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர்ப் பக்கம் வீட்டுச் சுவரில் எண்ணெய் படிந்ததையும் பார்த்த மனிதர். காலாவதியான பிறகு அந்தச் சேதப் பாலிசி எடுக்க வேண்டும் என்றால் கம்பெனி வண்டியைப் பார்க்க வேண்டும். இப்போது ஆள் வருவதில்லை, வீடியோ போதும்.

அந்த மீன் கூடை இங்கேதான் வருகிறது. ஏஜென்ட் சொன்னபடி நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வர வேண்டும், நிறுத்தாமல், ஒரே வீடியோவாக. முன்பக்கம், நம்பர் பிளேட், கண்ணாடி, நாலு மூலை, பானெட்டைத் தூக்கி சேசிஸ் எண், உள்ளே போய் ஓடிய கிலோமீட்டர். முதல் தடவை பாதியில், காசிமேட்டிலிருந்து வரும் அம்மா ஒருவர் பானெட்டின் மேல் கூடையை இறக்கிவைத்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை ஒரு ஆடு. மூன்றாம் தடவை எல்லாம் சரி, கிலோமீட்டர் எண் மட்டும் வெயிலில் தெரியவில்லை. நாலாவது வீடியோவில், கேட்டுப்பார், பின்னணியில் "வஞ்சிரம் வேணுமாம்மா" என்கிற குரல் இருக்கிறது. அதைத்தான் கம்பெனி ஏற்றுக்கொண்டது. சாயங்காலமே பாலிசி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இந்தப் பாலிசியில் என் எலும்புக்கு ஒன்றும் கிடையாது. 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று சேர்ந்து வருகிறது, ஆனால் அது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. மருமகனுக்கு இல்லை. உன் கை கால் முறிந்தால் பார்த்துக்கொள்ள, கிளம்பும்போது எடுக்கிற பயண இன்சூரன்ஸ்தான் கதி. அதிலும் வண்டி ஓட்டுவது பற்றிய சின்ன எழுத்தைப் படி. செல்லாத லைசென்ஸோடு ஓட்டினால் கைவிரிக்கிற பாலிசிகள் உண்டு.

இன்னொன்று. உன் அத்தான் வீட்டுப் பக்கம் யாராவது "நம்ம பையன் வண்டி, நாளுக்கு இவ்வளவு குடு" என்று தருவார்கள். நம்பர் பிளேட்டைப் பார். வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி, வாடகைக்கு விட்டால் அந்தப் பாலிசி பேசாது. தானே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் என்றால் கறுப்பில் மஞ்சள் எழுத்து இருக்கும். கொஞ்சம் காசு அதிகமானாலும் அதையே எடு.

சரி, நேற்று போனோம். ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டும்போது மாமா கையெடுத்துக் கும்பிட்டார். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய இடம். அவருக்கு அது இன்னொரு கோயில். அதற்கப்புறம் எண்ணூர் விரைவுச் சாலை. விரைவு என்பது பெயரில்தான். ஒரு பக்கம் கடலை மறித்துக் கொட்டிய பாறைகள், இன்னொரு பக்கம் துறைமுக வாசலுக்குக் காத்திருக்கும் டிரெய்லர்கள், வால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஒரு டிரைவர் டிரெய்லர் நிழலில் ஸ்டவ் வைத்து ரசம் தாளித்துக்கொண்டிருந்தார். சக்கரங்களுக்கு நடுவே கடுகு வெடிக்கிற வாசனை. நம் கிள்ளான் துறைமுகச் சாலைதான் நினைவுக்கு வந்தது. உலகம் சுற்றுகிறவர்கள் பர்மாவைத் தாண்ட முடியாமல் கிள்ளானில்தான் வண்டியைக் கன்டெய்னரில் ஏற்றி, சென்னையில் இறக்குகிறார்கள். அவர்கள் பாடு நம்மைவிட மோசம். வண்டியைத் திருப்பிக் கொண்டுபோவேன் என்று உத்தரவாதம் சொல்லும் கார்னே வேண்டும். 2022இல் வந்த விதிகளின்படி பதிவுச் சான்று, லைசென்ஸ், இங்கே செல்லும் இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வண்டியிலேயே இருக்க வேண்டும். நம் தாத்தாக்கள் ரஜூலா கப்பலில் இதே கடலைத் தாண்டியபோது ஒரு டிரங்குப் பெட்டிதான்.

மாமாவின் வண்டி மேனுவல் கியர். நான் பதினைந்து வருஷமாக ஆட்டோமேட்டிக் கியர் வண்டி ஓட்டியவன். இடது கால் சும்மா இருந்து இருந்து மரத்துப்போயிருக்கிறது. திருவொற்றியூர் தேரடிக்கு முன்னால் இரண்டு தடவை வண்டி நின்றுவிட்டது. இரண்டாவது தடவை ஒரு போக்குவரத்துக் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார். ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ். பாலிசியில் தேதியைப் பார்த்தார். "நேத்துதான் போட்டீங்களா?" ஜேபிஜே புத்தகத்தைப் புரட்டி என் முகத்தோடு ஒப்பிட்டார். "மலேசியாவுல எந்த ஊரு?" கிள்ளான் என்றேன். "அங்க ரோடு நல்லா இருக்குமே, கிளட்ச்சை மெதுவா விடுங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தார். மாமா வாயே திறக்கவில்லை. அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார், வலது காலால், ராயபுரத்திலிருந்து.

தியாகராஜர் சந்நிதியில் கூட்டம் இல்லை. பட்டினத்தார் சமாதிக்கும் போனோம். திரும்பும்போது உள்சாலை. மாமா ஒவ்வொன்றாகக் காட்டினார். எம்ஆர்எஃப், 1946இல் இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியது. ராயல் என்ஃபீல்டு, 1955. எண்ணூரில் இருக்கும் அசோக் லேலண்டும் 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தொடங்கப்பட்டதுதான். டயர், மோட்டார் சைக்கிள், லாரி எல்லாம் இந்த ஒரே கோட்டில். "இவ்ளோ வண்டி செஞ்ச ஊர்ல, மாப்ள, நீ மூணாவது கியர்லயே ஓட்டிக்கினு வர" என்றார்.

நீ வந்தால் உனக்கும் அந்தச் சாவிதான். பாலிசி அடுத்த வருஷம் வரை இருக்கிறது, நான் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி அத்தையிடம் கொடுத்துவிட்டேன். நீ ஜேபிஜேக்கு இந்த வாரமே போ. லைசென்ஸ் எப்போது முடிகிறது என்றும் பார்த்துக்கொள். மாமா கோடாரித் தைலம் இரண்டு பாட்டில் கேட்டார், பெரிய பாட்டில்.

உன் நண்பன்